ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் முதல் முறை உட்காரப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

கரும்பலகை:

வணக்கம். பதினோரு வருடமாக இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் முதல் விசாரணை. இரண்டு வழக்குகள். ஒரு மாணவி கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதினார் என்று ஒரு புகார். இன்னொன்று விடுதியில் நடந்த அடிதடி. இதற்கு மேல் விவரம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

என் கையில் இருப்பது நான்கு பக்க விதிமுறை. அதில் "குழு விசாரித்து முடிவெடுக்கும்" என்று ஒரே ஒரு வரி. எப்படி விசாரிப்பது என்று எங்கேயும் இல்லை. மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். "பையனைக் கூப்பிடுவோம், நாலு கேள்வி கேட்போம், ஒத்துக்கொள்வான், மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொள்வோம், முடிந்தது" என்றார். எனக்கு மனது ஒப்பவில்லை. ஒருவருடைய படிப்பு இதில் இருக்கிறது. இப்படிக் குழுவில் இருந்தவர்களும், குழுவின் முன்னால் நின்றவர்களும் சொல்லுங்கள்.

மூன்றாம் நாற்காலி:

ஒன்பது வருடம் இப்படி ஒரு குழுவுக்குச் செயலராக இருந்தேன். கேட்டீர்களே, அதுவே பாதி வேலை.

விசாரணை நாளில் என்ன கேட்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் அந்த மாணவருக்குப் போன கடிதத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். "ஒழுங்கீனமாக நடந்துகொண்டதால் குழுவின் முன் ஆஜராகவும்" என்று மட்டும் இருந்தால் அது கடிதமே இல்லை. எந்த நாள், எந்த இடம், செய்ததாகச் சொல்லப்படும் செயல் என்ன, எந்த விதியை மீறியதாகச் சொல்கிறோம், நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, உறுதியானால் அதிகபட்சம் என்ன தண்டனை வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்து, யோசித்து, பதில் எழுத நாலைந்து நாளாவது கிடைக்க வேண்டும். என் அனுபவத்தில் தவறாகப் போன வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணை அறையில் தவறவில்லை, கடிதத்திலேயே தவறிவிட்டன. எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாதவர் என்ன சொன்னாலும் அது மழுப்பலாகத்தான் கேட்கும்.

அடுத்தது, மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். புகார் கொடுத்த ஆசிரியரே உறுப்பினராக இருக்கக் கூடாது. அடிதடி வழக்கில் விடுதிக் காப்பாளர் சாட்சியாக வரலாம், முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. சம்பவத்தை முதலில் போய் விசாரித்துத் தகவல் திரட்டியவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்று இருந்தால்தான் நல்லது. தானே தோண்டி எடுத்த ஆதாரத்தைச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. நடந்திருந்தால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் இரண்டும் கெட்டுப்போகும். "பாவம், கடைசி வருடம்" என்று ஒருவர் சொல்வார், உடனே ஆதாரம் பலவீனமாகத் தெரியும். "போன வருடமும் இவன்தானே" என்று இன்னொருவர் சொல்வார், உடனே இல்லாத ஆதாரமும் இருப்பதாகத் தோன்றும். அதனால் நாங்கள் மாணவரின் பழைய பதிவை உறையில் ஒட்டி என்னிடமே வைத்திருந்தோம். நடந்தது உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையைத் திறப்போம். இப்படி ஆரம்பித்த முதல் வருடத்திலேயே, "இவன்தான் செய்திருப்பான்" என்று எல்லோரும் வரும்போதே நினைத்திருந்த ஒரு பையன் அன்று ஊரிலேயே இல்லை என்று தெரிய வந்தது. பழைய பதிவு மேஜையில் விரிந்து கிடந்திருந்தால் அன்று அந்தப் பயணச்சீட்டை யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

ஈரமணல்:

மூன்றாம் நாற்காலி சார், நீங்கள் சொல்வதில் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது உள்தேர்வு அறையில் ஒரு செல்பேசி கிடைத்தது. என் பெஞ்சுக்குக் கீழே இருந்தது. என்னுடையது இல்லை. மறுநாள் மதியம் வகுப்பிலிருந்து கூப்பிட்டு நேராக அறைக்குள் விட்டார்கள். உள்ளே ஐந்து பேர். முதல் கேள்வியே "ஏன் இப்படிச் செய்தாய்?" என்றுதான். "செய்தாயா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மறுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒருவர் மட்டும் தனியாக வெளியே அழைத்துப்போய், "எழுதிக் கொடுத்துவிடு, இங்கேயே முடித்துவிடலாம், வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவை நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மன்னிப்புக் கடிதம்தான் அப்புறம் எனக்கு எதிரான ஒரே ஆதாரம். அந்தப் பருவத் தேர்வுகள் முழுக்க ரத்து. மேல்முறையீட்டில் ஒரு பேராசிரியை, அந்த போன் யாருடையது என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தார்கள். முந்தைய நேரத்தில் அதே பெஞ்சில் எழுதியவருடையது. என் மேல் குற்றம் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மாதம் போய்விட்டது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஒரு பருவம் முன்னால் முடித்துப் போனார்கள்.

கரும்பலகை சார், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். விசாரணைக்கு முன்னால் யாரிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்காதீர்கள்.

வழக்குமேசை:

ஈரமணல் தம்பி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. நான் வழக்கறிஞர். சட்டத்தில் இது எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் "இது கல்லூரி, நீதிமன்றம் இல்லை" என்று ஒரே வரியில் தள்ள மாட்டார்கள்.

தண்டிப்பதற்கு முன் ஒருவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற வாதம் முந்நூறு வருடப் பழையது. ரிச்சர்ட் பென்ட்லி என்ற பெரிய அறிஞரின் பட்டங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718-இல் பறித்தது. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1723-இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் பட்டங்களைத் திருப்பித் தரச் சொன்னது. அப்போது ஒரு நீதிபதி, கடவுள்கூட ஆதாமைத் தண்டிப்பதற்கு முன் "எங்கே இருக்கிறாய், நீ அந்தப் பழத்தைத் தின்றாயா" என்று கேட்டுத்தானே முடிவெடுத்தார் என்று சுட்டிக்காட்டினார். எல்லாம் தெரிந்தவருக்கே கேட்கும் கடமை இருந்தது என்றால் நமக்கு இல்லையா?

அமெரிக்காவில் 1960-இல் அலபாமா அரசுக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், தங்களுக்கு உணவு பரிமாற மறுத்த நீதிமன்றக் கட்டடச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். ஒன்பது பேரைக் கல்லூரி நீக்கியது. என்ன குற்றம் என்று கடிதத்தில் தெளிவாக இல்லை, விசாரணையும் இல்லை. 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒன்று மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டிக்சன் வழக்கு என்பார்கள். எதிர்ச் சாட்சிகளின் பெயரும் அவர்கள் சொன்னதன் சாரமும் மாணவருக்குத் தெரிய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

இந்தியாவில் 1962-இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு. தேர்ச்சி பெற்றதாக அறிவித்த மூன்று மாணவர்களின் முடிவைத் தேர்வு வாரியம் அப்புறம் முறைகேடு என்று சொல்லி ரத்து செய்தது, அடுத்த தேர்வும் எழுதக் கூடாது என்றது. அவர்களைக் கேட்காமலே செய்ததால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விதிப் புத்தகத்தில் "விசாரிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. கரும்பலகை, உங்கள் நான்கு பக்கத்துக்கும் இதுதான் பதில்.

நேர்கோடு:

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நானும் ஆசிரியன், நானும் குழுவில் இருந்தவன். ஒரு பருவத்தில் முப்பது, நாற்பது புகார் வரும். ஒவ்வொன்றுக்கும் கடிதம், ஐந்து நாள், உறை, தனி விசாரணையாளர் என்றால் யார் பாடம் நடத்துவது? இதை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: நடைமுறை பெருகப் பெருக, ஆசிரியர்கள் புகார் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். "எதற்கு வம்பு, இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டுப் போகலாம்" என்று அவரவர் அறைக்குள்ளேயே தண்டனை நடக்கும். அதில் கேள்வியும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. ராத்திரி கண்விழித்துப் படித்து எழுதிய மாணவர்களுக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லையா? அவர்கள் யாரும் இந்த அறைக்கு வந்து அழுவதில்லை, அதனால் அவர்களை யாரும் நினைப்பதுமில்லை.

மூன்றாம் நாற்காலி:

நேர்கோடு சார், உங்கள் கவலை எனக்கும் உண்டு. மறைவாக மதிப்பெண் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் நாற்பது வழக்குக்கும் ஒரே நீளம் தேவையில்லை. நாங்கள் இரண்டு பாதை வைத்திருந்தோம். முதல் தவறு, சின்னது, மாணவரும் ஒப்புக்கொள்கிறார் என்றால் துறையிலேயே முடியும். ஆசிரியர், துறைத் தலைவர், மாணவர் மூவரும் உட்கார்ந்து ஒரு பக்கப் படிவத்தை நிரப்புவார்கள், அரை மணி நேரம் ஆகும். படிவத்தின் முதல் வரியிலேயே "வேண்டாம், குழு விசாரணைதான் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று அச்சிட்டிருப்போம். இரண்டு நாளுக்குள் மனம் மாறினால் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம். ஈரமணல் தம்பிக்கு அந்த இரண்டு நாள் கிடைத்திருந்தால் கதையே வேறு. பருவம் போகும், படிப்பு போகும், விடுதி போகும் என்கிற அளவுக்குத் தண்டனை வரக்கூடிய வழக்குகள் மட்டும்தான் குழுவுக்கு வரும். அப்படி வருவது வருடத்துக்கு ஏழெட்டுதான்.

வழக்குமேசை:

நேர்கோடு சார் சொன்னதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1970-இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், ஒரு மையம் முழுக்கக் கூட்டமாகக் காப்பி நடந்தபோது மொத்தத் தேர்வையும் ரத்து செய்தார்கள். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. யார் மேலும் தனியாகப் பழி போடவில்லை, தேர்வே நம்பத்தக்கதாக இல்லை என்பதுதான் காரணம். ஒருவர் பெயரைச் சொல்லி "நீ ஏமாற்றினாய்" என்று சொல்லும்போதுதான் அந்த ஒருவரைக் கேட்கும் கடமை வருகிறது.

அகல்விளக்கு:

நான் புகார் கொடுத்த பக்கம். இந்த இழையில் அந்தப் பக்கத்தை யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

ஒரு சீனியர் என்னைத் தொடர்ந்து தொல்லை செய்தான். நான்கு மாதம் பொறுத்தேன், அப்புறம் புகார் கொடுத்தேன். அதன் பிறகும் அதே ஆய்வகம், அதே நேரம். விசாரணை அன்று காலை முதல் மதியம் வரை நானும் அவனும் அவன் நண்பர்களும் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் என் எதிரிலேயே அவனை உட்கார வைத்து, "நீயே அவளிடம் கேள்" என்றார்கள். கேட்டான். முதல் கேள்வியே என் உடையைப் பற்றி. ஒருவர்கூட அவனை நிறுத்தவில்லை. முடிவு என்னவென்று எனக்கு இன்றுவரை எழுத்தில் சொல்லவில்லை. "ரகசியம்" என்றார்கள். ஒரு மாதம் கழித்து அவன் ஆய்வகத்துக்கு வராததை வைத்து நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

சாட்சியின் பெயர் தெரிய வேண்டும், எதிர்க்கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அந்த வராந்தாவையும் நினைத்துப் பாருங்கள்.

ஈரமணல்:

அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் என் வழக்கில் யாராவது என்னை ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்க விட்டிருந்தால் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும். அந்த உரிமையை எடுத்துவிட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அகல்விளக்கு:

எடுக்கச் சொல்லவில்லை தம்பி. நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வழக்குமேசை:

இரண்டு பேர் சொல்வதும் சரி. 1973-இல் ஹிரா நாத் மிஸ்ரா வழக்கு இதைத்தான் தொட்டது. ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் இரவில் மாணவியர் விடுதி வளாகத்துக்குள் புகுந்ததாகச் சில மாணவர்கள் மேல் புகார். குழு மாணவிகளின் வாக்குமூலத்தைத் தனியாக, அந்த மாணவர்கள் இல்லாதபோது பதிவு செய்தது. மாணவர்களின் புகைப்படத்தை வேறு இருபது படங்களோடு கலந்து வைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு மாணவர்களை அழைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்டது. இரண்டு கல்வியாண்டு நீக்கம். சாட்சிகள் முன்னிலையில் தங்களை விசாரிக்கவில்லை என்று மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தச் சூழ்நிலையில் மாணவிகளின் பாதுகாப்பைப் பார்க்க வேண்டியிருந்தது, செய்த முறை நியாயம்தான் என்று நீதிமன்றம் சொன்னது.

இருபது படத்தோடு கலந்து வைத்தார்களே, அதைக் கவனியுங்கள். நேருக்கு நேர் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், அதற்குப் பதிலாக வேறொரு சோதனையை வைத்தார்கள்.

மூன்றாம் நாற்காலி:

நடைமுறைக்கு ஒரு வழி: கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தலைவர் படித்து, சம்பவத்துக்குத் தொடர்பில்லாததை நீக்கி, மற்றதைத் தானே கேட்பார். நீக்கிய கேள்வியும் ஏன் நீக்கினார் என்பதும் கோப்பில் இருக்கும். காத்திருக்க இரண்டு அறை, வரும் நேரம் வேறு வேறு. இருவருக்கும் துணைக்கு ஓர் ஆளை அழைத்து வர அனுமதி. முடிவின் சாரம் புகார் கொடுத்தவருக்கும் எழுத்தில் போக வேண்டும். அகல்விளக்கு, உங்களுக்கு அந்தக் கடிதம் வந்திருக்க வேண்டும் அம்மா.

கரும்பலகை:

இதெல்லாம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். எல்லோருக்கும் நன்றி. கட்டுரை வழக்கைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? புகாரோடு இணைத்திருப்பது ஒரே ஒரு தாள். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறியும் கருவி கொடுத்த ஒரு சதவீதம். எண் பெரியதுதான்.

நூலகத்து ஜன்னல்:

மொழிப் பாடம் எடுக்கிறேன், வருடத்துக்கு ஐந்நூறு கட்டுரையாவது திருத்துவேன். அந்த ஒரு தாளை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்கள் சொன்ன கணக்குப்படியே, இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அந்த 9 சதவீதத்தை ஒரு வகுப்பில் வைத்துப் பாருங்கள். இருநூறு பேர், எல்லோருமே சொந்தமாக எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு பேர் உங்கள் குழுவின் முன் வந்து நிற்பார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாக வந்தது. எளிய சொல், எளிய வாக்கியம், அதுதான் காரணம். யார் மாட்டிக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். இரண்டாம் மொழியில் கஷ்டப்பட்டு எழுதுகிறவர்கள்தான்.

ஒப்புமை காட்டும் மென்பொருளும் கிட்டத்தட்ட இதே கதைதான். முப்பது சதவீதம் என்றால் முப்பது சதவீதம் திருட்டு என்று அர்த்தமில்லை. மேற்கோளும் துணைநூல் பட்டியலும் அதில் சேர்ந்திருக்கும். அறிக்கையைத் திறந்து வண்ணம் போட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தால்தான் தெரியும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? அந்த மாணவியிடம் வரைவுகளைக் கேளுங்கள். கோப்பில் திருத்த வரலாறு இருக்கும். குறிப்பு நோட்டு இருக்கும். கட்டுரையை முன்னால் வைத்து, "இந்த இடத்தில் ஏன் இந்த வாதத்தை எடுத்தீர்கள், இந்த நூலில் எந்தப் பகுதியைப் படித்தீர்கள்" என்று பாடம் தெரிந்த ஒருவர் இருபது நிமிடம் பேசினால் போதும். மேற்கோள் காட்டிய கட்டுரை உண்மையிலேயே உலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தால் அது உறுதியான ஆதாரம். சதவீதம் அப்படி இல்லை.

தாழ்வாரம்:

நான் ஒரு அப்பா. ஒன்றே ஒன்று. "விசாரணை முடியும்வரை கல்லூரிக்கு வர வேண்டாம்" என்று என் மகனை அனுப்பினார்கள். விசாரணை தொடங்கவே பத்து வாரம் ஆனது. கடைசியில் எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். ஆனால் வருகைப் பதிவு போனது போனதுதான், தேர்வு எழுத முடியவில்லை. எச்சரிக்கைக்கு முன்னால் கொடுத்த அந்தப் பத்து வாரத்துக்குப் பெயர் என்ன?

வழக்குமேசை:

அண்ணா, அது இடைக்கால நீக்கம். தண்டனை இல்லை என்று விதியில் எழுதியிருப்பார்கள், அனுபவிப்பவருக்கு அதுதான் பெரிய தண்டனை. யாருக்காவது ஆபத்து இருந்தாலோ, ஆதாரம் அழியும் பயம் இருந்தாலோ மட்டும்தான் அது சரி. நாள் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும், அந்த நாள் வந்ததும் திரும்பப் பார்க்க வேண்டும். வளாகத்துக்கு வர வேண்டாம் என்றால் பாடம் வீட்டுக்குப் போக ஏற்பாடு வேண்டும். அடிதடி வழக்கில் பல நேரம் விடுதி அறையை மாற்றினாலே போதும்.

மூன்றாம் நாற்காலி:

கரும்பலகை, கடைசியாக ஒன்று. முடிவுக் கடிதத்தை நீங்களே எழுத முன்வாருங்கள். "குழு ஆதாரங்களைப் பரிசீலித்துக் குற்றம் உறுதியானதாக முடிவு செய்தது" என்று எழுத விடாதீர்கள். எந்தச் சாட்சியை நம்பினீர்கள், ஏன் நம்பினீர்கள், மாணவர் சொன்னதில் எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று எழுதுங்கள். நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுகோல் பல கல்லூரிகளில் போதும், குற்றவியல் நீதிமன்றம் அளவுக்குத் தேவையில்லை. ஆனால் அந்த வாய்ப்பு ஏன் அதிகம் என்று தாளில் வர வேண்டும். எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பது கடைசிப் பத்தியில் இருக்கட்டும்.

இரண்டு முறை எனக்கு இப்படி நடந்திருக்கிறது. காரணம் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பேசும்போது எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்தது, எழுதும்போது அடியில் ஒன்றுமே இல்லை. இரண்டு முறையும் குழுவைத் திரும்பக் கூட்டினேன். இரண்டு முறையும் முடிவு மாறியது.

நேர்கோடு:

அந்தப் படிவத்தின் வடிவம் இருந்தால் பகிருங்கள் சார். இரண்டு நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்ற வரி எங்கள் கல்லூரிக்கும் வேண்டும்.

கரும்பலகை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஒன்றில் "ஒழுங்கீனம்" என்ற ஒரு சொல் மட்டும்தான் இருந்தது. திருப்பி எழுத வேண்டும் என்றேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. பத்து நாள் தள்ளிப்போனது. அடிதடி வழக்கு எடுத்ததும் விடுதிக் காப்பாளர் தானாகவே எழுந்து, "நான் சாட்சி, வெளியே இருக்கிறேன்" என்றார். அது எனக்குப் பெரிய நிம்மதி.

கட்டுரை எழுதிய மாணவி ஒரு பழைய நோட்டோடு வந்தார். மொழித் துறையிலிருந்து ஒருவரை அழைத்திருந்தோம். இருபது நிமிடம் என்று நினைத்தது முக்கால் மணி நேரம் ஆனது. முடிவு என்ன என்று இங்கே சொல்ல முடியாது. காரணம் இரண்டே கால் பக்கம் வந்தது, நான்தான் எழுதினேன். முதல் வரைவில் ஒரு வாக்கியத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது, அடித்துவிட்டேன். புகார் கொடுத்தவருக்கும் நகல் போயிருக்கிறது.

மூன்றாம் நாற்காலி சார், உறை முறையைக் குழு இன்னும் ஏற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேட்கப் போகிறேன். படிவத்தை எனக்கும் அனுப்புங்கள்.